மறைந்த எழுத்தாளரின் நூலை மறுபதிப்பு செய்யலாமா?

முதலில் இறந்த ஆண்டைச் சரியாகப் பிடியுங்கள். நாளும் மாதமும் கணக்கில் வராது. இந்தியச் சட்டப்படி, பதிப்புரிமை எப்போது முடியும் என்று அறிய, இறந்ததற்கு அடுத்த ஆண்டின் ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். கல்கி 1954 டிசம்பர் 5இல் மறைந்தார். 1955 ஜனவரி 1இல் தொடங்கும் கணக்கு 2014 டிசம்பர் 31இல் முடிகிறது. பலர் இறந்த நாளிலிருந்தே எண்ணி, சில மாதம் முந்திக்கொண்டு அச்சிட்டுவிடுகிறார்கள்.

இருவர் சேர்ந்து எழுதியதென்றால் கடைசியாக இறந்தவரின் ஆண்டுதான் கணக்கு. ஆசிரியர் இறந்தபின் முதன்முதலாக வெளியான படைப்புக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. கையெழுத்துப் பிரதியிலிருந்து பின்னால் தொகுத்த கட்டுரைகளில்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வரும்.

பழைய நூலின் புதிய பதிப்பை அப்படியே ஸ்கேன் செய்யாதீர்கள். மூலத்தின் பதிப்புரிமை முடிந்திருந்தாலும் முன்னுரை, உரை, அடிக்குறிப்பு, அட்டை ஓவியம் ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு. மொழிபெயர்ப்புக்கும் அப்படியே, மொழிபெயர்ப்பாளர் இறந்த ஆண்டையும் பாருங்கள்.

தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியிருந்தால் (யாரும் அச்சிடலாம் என்று அறிவித்திருந்தால்) 60 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அரசாணையைப் பார்த்தால் போதும். இலங்கையில் விற்பதானால் கணக்கு 70 ஆண்டு.