முதலில் சாய்தளம், அப்புறம் விருந்தினர்

முதன்முதலாக ஒரு டிவி விவாதத்துக்குப் போனபோது, சக்கர நாற்காலியோடு சேர்த்து என்னை நான்கு பேர் தூக்கித்தான் செட்டில் வைத்தார்கள். நேரலைக்கு மூன்று நிமிடம். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில், பேச வைத்திருந்த புள்ளிவிவரமெல்லாம் மறந்துபோனது. மேடையின் உயரம் வெறும் 30 சென்டிமீட்டர். இப்போது நானே தயாரிப்பாளர். என் குழுவுக்குப் புதிதாக வருபவர்களிடம் சொல்வது இதுதான்.

செட் வரையும்போதே சாய்தளத்தையும் வரையுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அந்த 30 சென்டிமீட்டர் மேடைக்கே 3.6 மீட்டர் வேண்டும். கேமரா நகரும் தரையில் கடைசி நேரத்தில் அதற்கு இடம் கிடைக்காது. மேடையே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது, நான் அப்படித்தான் செய்கிறேன். மேக்கப் அறைக்கும் கழிப்பறைக்கும் நாற்காலியை உருட்டிப் பார்த்துவிடுங்கள்.

"உங்களுக்கு என்ன வசதி தேவை?" என்று எல்லா விருந்தினரிடமும் அழைக்கும்போதே கேளுங்கள்.

பார்வையற்ற தொகுப்பாளருக்கு விரல் மடக்கிக் காட்டிப் பயனில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவர் இயர்போனுக்குப் பேசும் டாக்பேக்கில் பூஜ்யம் வரை எண்ணுங்கள். ஒத்திகையில் ஃப்ளோர் மேனேஜர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பேசினால், முகம் தானாக அந்தத் திசைக்குத் திரும்பும்.

காதுகேளாத விருந்தினர் என்றால், சைகை மொழிபெயர்ப்பாளரைத் தொகுப்பாளரின் தோளுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். கேள்வியை விருந்தினரைப் பார்த்தே கேட்க வேண்டும். அவர் கைகள் பேசும்போது முகத்துக்கு க்ளோசப் போவது மைக்கை அணைப்பதற்குச் சமம். திரையின் மூலையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால், திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் அவர் கையை மறைக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக மறைக்கும்.

இதற்கெல்லாம் ஏன் செலவு என்று கணக்குப் பிரிவு கேட்கும். உலகில் ஆறில் ஒருவர் மாற்றுத்திறனாளி, ஏறக்குறைய 130 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளம்பரப் பிரிவுக்கு இந்த எண் உடனே புரிந்துவிடும்.

டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் என் போன் ஓயாது. 4ஆம் தேதி சத்தமே இருக்காது. நான் படித்தது பொருளாதாரம், ஆனால் பட்ஜெட் நாளில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. அதனால் எங்கள் விருந்தினர் பட்டியலில் மாற்றுத்திறனாளிகளை வரி, வானிலை, விளையாட்டு என்று அவரவர் துறையின் கீழ்தான் எழுதிவைக்கிறோம். மற்றவர்களுக்குத் தரும் அதே தொகைதான் அவர்களுக்கும்.

அறிமுகத்தில் 'ஊனத்தை வென்றவர்' வேண்டாம். நான் எதையும் வெல்லவில்லை. லிஃப்ட் ஓடியது, வந்தேன். எடிட்டில் சோக வயலினையும் எடுத்துவிடுங்கள்.

ஒளிபரப்புக்கு முன் ஒருமுறை ஒலியை அணைத்தும், ஒருமுறை திரையை மூடியும் ஓட்டிப் பாருங்கள். "இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று குரல் வரும், எண்ணோ திரையில் மட்டும் இருக்கும். அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி மறுபடி பதிவு செய்யுங்கள்.