மறைந்த பிரபலங்களின் அந்தரங்கம்: ஊடகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 டிசம்பர் 20. மறுநாள் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். ஜெயலலிதா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது எடுத்தது என்று சொல்லி ஒரு காணொளியை டி.டி.வி. தினகரன் தரப்பைச் சேர்ந்த பி. வெற்றிவேல் வெளியிட்டார். செய்தித் தொலைக்காட்சிகளில் அது திரும்பத் திரும்ப ஓடியது. பிறகு தேர்தல் அதிகாரிகள் அதை ஒளிபரப்பக் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம், வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்துக்கான தேர்தல் சட்டக் கட்டுப்பாடு. வெளியே வரும்போதெல்லாம் தன் தோற்றத்தில் அவ்வளவு கவனம் செலுத்திய ஒரு தலைவர், நோயில் கிடந்த கோலத்தை ஊரே பார்க்கச் சம்மதித்திருப்பாரா என்று கேட்க அன்று ஆளில்லை. அந்தக் காட்சியில் என்ன இருந்தது என்பதை நானும் இங்கே விவரிக்கப் போவதில்லை.

அன்று நடந்தது ஒரே ஒரு தவறு அல்ல. பிரபலம் ஒருவர் இறந்ததும் நம் ஊடகங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் பல. செய்தி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும், கைப்பேசியிலேயே சேனல் நடத்துபவர்களுக்கும் அவை ஒன்றுதான்.

எல்லாவற்றையும் ‘பொதுநலன்’ கணக்கில் எழுதுவது

ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22 இரவு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதலமைச்சரின் உடல்நலம் மக்களுக்குத் தெரியவேண்டிய விஷயம்தான். அவருக்கு என்ன நோய், கோப்புகளில் யார் முடிவெடுக்கிறார்கள், அக்டோபர் 11 அன்று அவருடைய இலாகாக்கள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டது யாருடைய ஆலோசனைப்படி என்பதையெல்லாம் குடைந்து குடைந்து கேட்டிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் சில வரி மருத்துவ அறிக்கைகளை வாசித்துவிட்டு நகர்ந்தோம். விசாரணை ஆணையம் அமைந்து, அதன் அறிக்கை சட்டப்பேரவைக்கு வர 2022 அக்டோபர் ஆயிற்று. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட அதே ஊடகங்கள்தாம், காட்டக் கூடாததைக் காட்டின.

ஒரு தகவலை வெளியிடுமுன் நான் வைக்கச் சொல்லும் சோதனை இது: இதைச் சொல்லாமல் விட்டால், அவர் வகித்த பதவியையோ, செலவழித்த பொதுப் பணத்தையோ, எடுத்த முடிவையோ பற்றி மக்கள் எதையாவது அறியாமல் போவார்களா? போவார்கள் என்றால் குடும்பம் வருந்தினாலும் வெளியிடத்தான் வேண்டும். இல்லையென்றால் அது வெறும் ஆவல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரான்ஸ் அதிபராக 14 ஆண்டுகள் இருந்த பிரான்சுவா மித்தரான், பதவியேற்ற 1981ஆம் ஆண்டிலேயே தனக்குப் புற்றுநோய் இருப்பதை அறிந்தவர். ஆனால் உடல்நிலை நன்றாக இருப்பதாகவே மருத்துவ அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. 1996 ஜனவரி 8 அன்று அவர் இறந்தார். பத்தே நாட்களுக்குள் அவருடைய மருத்துவரே உண்மையைப் புத்தகமாக வெளியிட, நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயிற்று. 2004இல் வந்த தீர்ப்பை நம் செய்தி ஆசிரியர்கள் படிக்க வேண்டும். இறந்த சில நாட்களில், குடும்பம் துக்கத்தில் இருக்கும்போது, தற்காலிகத் தடை சரிதான். மாதங்கள் கடந்த பிறகும் அந்தத் தடையை நிரந்தரமாக்கியது கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்றது அந்தத் தீர்ப்பு. ஒன்றைச் சொல்லலாமா என்பதோடு எப்போது சொல்லலாம் என்பதும் கேள்விதான். முதல் வாரத்தில் கொடூரமாக இருப்பது, ஓராண்டு கழித்து வரலாற்றுக்குத் தேவையான உண்மையாகலாம்.

குடும்பத்துக்கு முன்பே ‘பிரேக்கிங் நியூஸ்’ போடுவது

2016 டிசம்பர் 5 மாலை, சில தமிழ்த் தொலைக்காட்சிகள் ஜெயலலிதா இறந்துவிட்டதாக அறிவித்தன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. இரவு 11.30க்கு உயிர் பிரிந்தது என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகுதான் வந்தது.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், 2020 ஜனவரி 26 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் மகளோடு இறந்தார். உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே, கணவருக்கான இரங்கல் செய்திகள் அவர் கைப்பேசித் திரையில் வந்து விழுந்தன. கணவர் இறந்த செய்தியை ஒரு பெண் தெரிந்துகொள்ளும் விதமா இது? சம்பவ இடத்துக்குப் போன அரசு ஊழியர்கள் உடல்களைப் படமெடுத்துத் தங்களுக்குள் பகிர்ந்தது பின்னர் தெரியவந்தது. 2022இல் நடுவர் குழு அந்த மனைவிக்கு 1.6 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது.

தெரியாததைக் கற்பனையால் நிரப்புவது

சிவகாசிப் பக்கம் பிறந்து, குழந்தை நட்சத்திரமாகத் தமிழ்த் திரைக்கு வந்த ஸ்ரீதேவி, 2018 பிப்ரவரி 24 அன்று துபாயில் இறந்தார். முதலில் மாரடைப்பு என்றார்கள். 26ஆம் தேதி, நினைவிழந்து தண்ணீரில் மூழ்கியதால் நேர்ந்த விபத்து என்று துபாய் அதிகாரிகள் தெரிவித்தார்கள். 27ஆம் தேதி வழக்கு முடித்துவைக்கப்பட்டது. அந்தச் சில நாட்களில் இந்தியத் தொலைக்காட்சிகள் செய்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ஸ்டூடியோத் திரையில் குளியல் தொட்டி, அதற்குள் அவருடைய உருவம், பக்கத்தில் மதுக் கோப்பை என்று கிராபிக்ஸ் செய்தார்கள். ஒரு தெலுங்கு சேனலின் செய்தியாளர் தானே தொட்டியில் படுத்துக் காட்டினார். அந்தப் பெண்மணிக்கு இரண்டு மகள்கள். மூத்தவரின் முதல் படம் அப்போது வெளிவரக்கூட இல்லை. அம்மாவின் உடல் வந்து சேருமுன் அவர்கள் இதையெல்லாம் தாண்டி வரவேண்டியிருந்தது.

பிரேதப் பரிசோதனை அறிக்கை வரும்வரை “காரணம் இன்னும் தெரியவில்லை” என்று சொல்வதில் எந்த இழுக்கும் இல்லை. அந்த ஒரு வரியோடு நிற்கத் தெரியாததால்தான் அழகு சிகிச்சை, காப்பீட்டுப் பணம், குடும்பச் சண்டை என்று ஊகங்கள் உள்ளே வருகின்றன.

தற்கொலை என்றால் இன்னும் கவனம் தேவை. முறையை விவரிக்காதீர்கள், கடிதத்தை வாசிக்காதீர்கள், உடலைக் காட்டாதீர்கள். இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இலேயே இதற்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. அடுத்த ஆண்டே நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணத்தில் அது காற்றில் பறந்தது. அவர் எழுதாத ட்விட்டர் பதிவுகளை அவருடையவையாகக் காட்டிய ஓர் இந்தி சேனலுக்கு, ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்குமுறை அமைப்பு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

“சட்டத்தில் தடையில்லையே” என்பது

உண்மைதான், பெரிய தடை இல்லை. ஜெயலலிதா பற்றிய திரைப்படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுகளுக்குச் சொத்துபோல வந்து சேராது என்றது. சுஷாந்தின் தந்தை தொடுத்த வழக்கில் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே வழியில் போயிற்று. (அவதூறுச் சட்டம் மட்டும் விதிவிலக்கு: குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கோடு இறந்தவரைப் பழித்தால் அதுவும் அவதூறாகலாம்.) திரைப்படமும் வாழ்க்கை வரலாறும் எழுத இந்தச் சுதந்திரம் தேவை, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நீதிமன்றம் தடுக்காது என்றால், ஒளிபரப்புவதா வேண்டாமா என்ற பொறுப்பு முழுக்க ஆசிரியரின் தலையில் விழுகிறது.

கசியவிடுபவர்களுக்கோ கடமை தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் ஏற்கும் ஜெனீவா உறுதிமொழி, நோயாளி இறந்த பிறகும் அவருடைய ரகசியங்களைக் காக்கச் சொல்கிறது. “மருத்துவமனை வட்டாரம் தெரிவித்தது” என்று எழுதும்போது, ஒருவர் தன் உறுதிமொழியை மீறித் தந்ததை நாம் வாங்கி விற்கிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

துக்க வீட்டு வாசலில் மைக் நீட்டுவது

துக்கம் கேட்கப் போகும் நாம் அங்கே கேள்வி கேட்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்காருகிறோம், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருகிறோம். அதே வாசலில், “கடைசியாக உங்களிடம் என்ன பேசினார்?” என்று பிள்ளைகளின் முகத்துக்கு நேரே மைக் போகிறது. சுற்றுச்சுவர் மேல் ஏறி, குளிர்பெட்டிக்குள் இருக்கும் முகத்தை ஜூம் செய்கிறார்கள். இறுதி ஊர்வலத்தைப் பொது இடத்தில் நின்று படமெடுங்கள். வீட்டுக்குள் குடும்பம் அழைத்தால் மட்டும் போங்கள், அழைத்தாலும் அழுகிற சிறுவர்களை விட்டுவிடுங்கள்.

போட்டதை அப்படியே விட்டுவிடுவது

அவசரத்தில் ஏற்றிய காணொளிகள் யூடியூபில் வருடக்கணக்கில் கிடக்கின்றன. விசாரணை முடிந்து விபத்து என்று தெரிந்த பிறகும், ‘கொலையா?’ என்ற தலைப்பும் உடலின் படம் போட்ட தம்ப்நெயிலும் மாறுவதில்லை. நினைவுநாள்தோறும் புதிதாகப் பார்க்கப்படுகின்றன. தலைப்பைத் திருத்துங்கள், படத்தை எடுத்துவிடுங்கள், விசாரணை முடிவை விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே சேருங்கள். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் பதில் சொல்ல, நிறுவனத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருடைய மின்னஞ்சல் முகவரியைச் சேனல் பக்கத்திலேயே போட்டுவையுங்கள்.