பொங்கலுக்கு வெளிச்சுவரில் அடித்த பெயிண்ட் ஆடிக்குள் ஏன் உரிகிறது?

பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால், உரிந்து விழுந்த சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளை மாவு அப்பியிருந்தால், அடியில் இருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமலேயே மேலே எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் இன்றைய சுவர் பெயிண்ட்) அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சில்லு சுத்தமாக இருந்து, சுவரில் பஞ்சு மாதிரி உப்பு பூத்திருந்தால் காரணம் ஈரம்.

நம் ஊரில் பெரும்பாலும் ஈரம்தான். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை மழை சுவரை ஊறவைக்கிறது, நாமோ பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மார்கழியிலேயே பெயிண்டரைக் கூப்பிட்டுவிடுகிறோம். வெறும் சுண்ணாம்பு அடித்த காலத்தில் இது தெரியவில்லை, ஏனென்றால் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். எமல்ஷன் அந்த அளவுக்கு விடாது. வெயில் ஏறும்போது உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி முட்டும், கொப்புளம் போடும், அப்புறம் அப்பளம் மாதிரி உரியும்.

அதனால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் விரிசல், சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், கீழே சுவரை ஒட்டிக் குவித்த மண், இப்படி எதுவாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் ஒரே இடத்தில் இரண்டு தடவை அடித்து இரண்டு தடவையும் உரிந்தது. கடைசியில் பார்த்தால் அந்தப் பக்கம் பாத்ரூம் குழாய் இணைப்பில் கசிவு. பிளம்பருக்குக் கொடுத்ததைவிடப் பெயிண்டுக்குக் கொட்டியதுதான் அதிகம்.

கசிவை அடைத்தாயிற்று, சுவர் காய்ந்ததா? ஓர் அடி சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் இன்னும் காயவில்லை, பொறுங்கள்.

காய்ந்த பிறகு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தளர்ந்த பெயிண்ட் முழுவதையும் பட்டித் தகட்டால் சுரண்ட வேண்டும். இதில் சோம்பல் கூடாது, தட்டினால் பொக்கென்று சத்தம் வரும் சிமெண்ட் பூச்சையும் கொத்தி எடுத்துவிடுங்கள். புதிதாகப் பூசினால் ஒரு வாரம் தண்ணீர் காட்டி, மொத்தம் 28 நாள் போன பிறகே பெயிண்ட். உப்பைக் காய்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பாசி என்றால் பிளீச்சிங் பவுடர் கரைசல், பிறகு நன்றாக அலசிக் காயவிடல்.

பழைய பெயிண்டின் விளிம்பு மேடு தெரியாமல் உப்புத்தாள் போடுங்கள். பட்டி பார்ப்பதென்றால், அதாவது மேடு பள்ளத்தை மாவு பூசிச் சமன் செய்வதென்றால், வெளிச்சுவருக்கு ஆன வெள்ளை சிமெண்ட் பட்டி மட்டும், உள்ளே பூசி மிஞ்சியது வேண்டாம். அப்புறம் வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். பெயிண்டில் கலக்கும் தண்ணீர், டப்பாவில் போட்டிருக்கிற அளவுதான், பெயிண்டர் கை போன போக்கில் அல்ல. உச்சி வெயிலில் அடித்தால் பிரஷ் எடுப்பதற்குள் காய்ந்து ஒட்டாமல் போகும். மேற்குச் சுவரைக் காலையில் அடியுங்கள்.

பழுது பார்த்த இடத்தில் மட்டும் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், வெயிலில் பழைய நிறம் வெளுத்திருக்கும். அந்தச் சுவர் ஒன்றையாவது மூலையிலிருந்து மூலை வரை அடித்துவிடுங்கள்.