காட்டிய பல்லோடு நின்றுவிடும் பிழை

திருகோணமலையில் பல் கிளினிக்குக்கு வருகிறவர் பெரும்பாலும் விரலை வாய்க்குள் விட்டுக்கொண்டே கதைப்பார்: "டொக்டர், இந்தப் பல்லைக் கழட்டி விடுங்கோ." பார்த்தால் அதில் சூத்தையும் இருக்கும். நமக்கும் வேலை முடிந்த மாதிரி. ஒரு காரணம் கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிடுவதுதான் நம் தொழிலின் பெரிய பிழை.

நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் கடற்றொழிலாளி ஒருவர் ஆடுகிற கீழ்க் கடைவாய்ப் பல்லோடு வந்தார். முரசு (ஈறு) நோய்தான் என்று எக்ஸ்றே எடுக்காமலே கழற்றினேன். மூன்று கிழமையாகியும் கிடங்கு மூடவில்லை. உள்ளிருந்து சிவந்த சதை எழுந்து நின்றது. புற்றுநோய். பக்கத்துப் பற்கள் கல்லு மாதிரி இருக்க, அது மட்டும் ஏன் ஆடியது? ஊசி போடுமுன்பே கீழுதடு விறைத்திருப்பதாக அவர் சொன்னதும் என் காதில் விழுந்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பல்லுக்குச் சம்பந்தமில்லாத வலியும் பல்வலியாகவே வரும். முகம் கழுவும்போதோ சவரம் செய்யும்போதோ சில விநாடிகள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டினால் முகத்து உணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பின் வலியை நினைக்க வேண்டும். அதற்காக ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களை இழந்தவர்கள் உண்டு. குனியும்போது மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாமே சேர்ந்து கனத்தால் சைனஸ். கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறும்போது தாடை நோவெடுத்து, நின்றால் குறைகிறதென்றால் அவரைக் கதிரையில் சாய்க்காதீர்கள். அது இதய நோவாக இருக்கலாம்; ஈசிஜி எடுக்க அனுப்புங்கள்.

"வெற்றிலை போடுவீங்களா?" என்று கேட்டு, "இல்லை" என்றதும் விட்டுவிடுவதும் பிழைதான். பக்கற்றில் வரும் இனிப்புப் பாக்கை யாரும் வெற்றிலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவுக் கடலில் நித்திரை வராமலிருக்கச் சொக்கைக்குள் (கன்னத்துக்குள்) அடக்கி வைப்பதையும் அப்படித்தான். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே சொல்லிவிட்டது. ஆகவே பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு என்று தனித்தனியாகக் கேளுங்கள். "உறைப்புச் சாப்பிட்டால் எரியுது" என்றவருக்கு விற்றமின் குளிசை எழுதுமுன், அவருடைய மூன்று விரல்கள் வாய்க்குள் நிமிர்ந்து போகின்றனவா என்று பாருங்கள். சொக்கையின் உட்பக்கத்தைத் தடவுங்கள். வெளிறி, கயிறு போலத் தட்டுப்பட்டால் அது வாய் நார்த் திசு நோய். புற்றுநோயாக மாறக்கூடியது.

புண்ணுக்கு வருவோம். நோகாத புண் ஆபத்தில்லை என்பது நோயாளி நினைப்பது; தொடக்கத்தில் பல வாய்ப் புற்றுகள் நோவதே இல்லை. கட்டுப்பல்லைக் கழற்றச் சொல்லி, நாக்கை கோஸ் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும் அடியையும் பார்க்காமல் வாயைப் பார்த்தேன் என்று எழுதக்கூடாது. வெயிலில் கிடக்கும் மீனவர்களுக்குக் கீழுதட்டையும் பாருங்கள். உதடும் தோலும் சேரும் கோடு மங்கியிருந்தால் கவனம்.

புண்ணுக்குப் பக்கத்தில் கூரான பல் இருந்தால் தேய்த்துவிட்டு இரண்டு கிழமை பொறுக்கலாம். ஆறாவிட்டால் இன்னொரு ஜெல்லோ அன்டிபயோட்டிக்கோ எழுதி நாள் கடத்தாமல் முகத் தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். நாமே பயொப்சி (ஆய்வுக்கான சதைத் துண்டு) எடுப்பதானால், நடுவிலுள்ள செத்த சதையை வெட்டாமல் ஓரத்திலிருந்து எடுத்து, சேலைனில் அல்ல, 10% போர்மலினில் போட வேண்டும்.

"இரண்டு கிழமையால் வாங்கோ" என்றால் வருவாரா என்பது வேறு கதை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிறவருக்கு நம் திகதி ஒரு திகதியே இல்லை. நான் அவருடைய தொலைபேசி இலக்கத்தோடு மனைவியின் இலக்கத்தையும் வாங்கிக் கொப்பியில் எழுதி வைக்கிறேன். படகு வந்த அன்றே மனைவிதான் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார்.