இஇஜி ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொள்வோம்

உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா, வலிப்பு வரும் மகனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்திருந்தார். கையிலிருந்த பழைய இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) ரிப்போர்ட்டில் 'அப்நார்மல்' என்று ஒரே சொல். இடமா வலமா, பையன் தூங்கினானா, எதுவும் இல்லை. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. யார் படித்தாலும் ஒன்றுபோலப் புரியத்தான் ஐரோப்பிய நிபுணர்கள் 2013இல் 'ஸ்கோர்' என்ற பொது வடிவத்தை வெளியிட்டார்கள். 2017இல் இரண்டாம் பதிப்பு வந்தது. மென்பொருள் இல்லையென்றாலும் அந்த வரிசையில் தாளில் எழுதலாம்.

முதலில், எதற்காக எடுத்தோம் என்று எழுதுங்கள். வயது, கடைசியாக வலிப்பு வந்த நாள், சாப்பிடும் மாத்திரைகள்.

அடுத்து, எப்படி எடுத்தோம் என்பது. 10–20 முறையில் (தலையை அளந்து 10, 20 சதவீத இடைவெளியில்) எலெக்ட்ரோடு வைத்தோமா, எத்தனை நிமிடம் பதிந்தோம் (20 நிமிடமாவது வேண்டும்), தூக்கம் வந்ததா. வலிப்பு அலையைத் தூண்டிப் பார்க்க வேகமாக மூச்சு விடச் சொல்வது, விளக்கை மின்ன விடுவது இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால் காரணத்தையும் சொல்லுங்கள். நம் ஊரில் தலை நிறைய எண்ணெய் வைத்துத்தான் வருவார்கள். முந்தின நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பின்னணி அலை. விழித்தபடி கண்ணை மூடியிருக்கும்போது தலையின் பின்பக்கம் எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அலை)? பெரியவர்களுக்கு 8 முதல் 13 வரை இருக்கும். 'நன்றாக உள்ளது' என்று எழுதாமல் '9 ஹெர்ட்ஸ், கண் திறந்தால் அடங்குகிறது' என்று எழுதுங்கள்.

இனி கூர் அலைகள். நிதானம் தேவைப்படுவது இங்கேதான். கூர்மையாகத் தெரிவதெல்லாம் வலிப்பு அலை இல்லை. கண் சிமிட்டலும் தாடைத் தசையும்கூட அப்படித் தெரியும். ஆறு கேள்வி கேளுங்கள்: இரண்டு மூன்று கட்டமாக, முனை கூராக இருக்கிறதா? அலை நீடிக்கும் நேரம் பின்னணியிலிருந்து மாறுபடுகிறதா? ஏற்றமும் இறக்கமும் சமமில்லாமல் இருக்கின்றனவா? பின்னால் மெதுவான அலை வருகிறதா? பின்னணி அந்த இடத்தில் கலைகிறதா? மின்னழுத்தப் பரவல் மூளையிலிருந்து வருவதுபோல் இருக்கிறதா? ஒன்றிரண்டு மட்டும் பொருந்தினால் வலிப்பு அலை என்று எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லால் ஒரு பிள்ளை வருடக்கணக்கில் தேவையில்லாத மாத்திரை சாப்பிட நேரலாம். உறுதியானால் இடத்தைக் குறியுங்கள்: எலெக்ட்ரோடு பெயரில் ஒற்றைப்படை எண் இருந்தால் இடப்பக்கம், இரட்டைப்படை என்றால் வலப்பக்கம்.

கடைசியில் முடிவைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். பார்த்தது வேறு, அதன் பொருள் வேறு. பதிவு இயல்பாக இருந்தால், 'இதை வைத்து வலிப்பு நோய் இல்லை என்று சொல்ல முடியாது' என்றும் சேருங்கள். பழைய இஇஜி இருந்தால் தேதி போட்டு, என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள்.