கொளுபெல்லா பிடிக்கும் முறை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது இரண்டு பேர்ச் மண், ஏறக்குறைய ஐம்பது சதுர மீற்றர். வல்லாரை, பொன்னாங்காணி, ஒரு பப்பாசி, மதிலோரம் கறிவேப்பிலை. போன மே மாதம் மழை பிடித்த மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், வல்லாரைப் பாத்தியில் தண்டுகள் மட்டும் நிற்கின்றன. கொளுபெல்லாவின் வேலை. அது சிங்களப் பெயர்; தமிழில் ஆபிரிக்கப் பெருநத்தை. எங்கள் ஒழுங்கையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடியோடு ஒழிக்க முடியாது. கிழக்கு ஆபிரிக்காவில் பிறந்த பிராணி இது. 1847இல் ஒரு வெள்ளைக்காரர் மொரீசியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டமொன்றில் விட்டார். 1900இல் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும்தான். ஒரு தடவைக்கு 200 முட்டை வரை இடும். நம்மால் முடிந்தது குறைத்து வைப்பது.

மழை விட்ட இரவில், எட்டு மணிக்குப் பிறகு இறங்குங்கள். டோர்ச், கையில் மாட்ட சொப்பிங் பை, மூடியுள்ள வாளி. மூடி முக்கியம். முதல் நாள் நான் மூடாமல் விட்டுப் படுத்தேன். விடிந்தபோது பதினொன்று குசினிச் சுவரில் ஏறியிருந்தன.

சுண்ணாம்பு அடித்த மதில் இருந்தால் அதை முதலில் பாருங்கள். ஓடு வளரக் கல்சியம் வேண்டுமென்று சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும். அரம் வைத்து இழுத்ததுபோல வளைந்து வளைந்து கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக் கீழே போனால் பகலில் ஒளிந்திருக்கும் இடம் தெரியும்: பூச்சாடியின் அடி, தேங்காய் மட்டைக் குவியல், தட்டைக் கல். தேடச் சோம்பலா? பின்னேரம் ஈரச் சாக்கின் கீழ் பப்பாசித் தோலைப் போட்டு வையுங்கள், விடியக் கிளப்பினால் கூட்டமாக இருக்கும்.

முட்டையை விட்டுவிட்டு நத்தையை மட்டும் பிடித்தால் வேலை முடியாது. ஈரமண்ணை விரலாழம் கிளறிப் பாருங்கள். ஊறிய சவ்வரிசி மாதிரி, கொஞ்சம் மஞ்சளாக, ஒட்டாமல் குவிந்திருக்கும். அள்ளி அதே வாளியில் போடுங்கள்.

வாளியில் கடும் உப்புத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க மூடி வைத்தால் செத்துவிடும். அப்புறம் கீரைப் பாத்திக்குத் தூரமாக ஓரடி ஆழத்தில் புதையுங்கள். நத்தை ஓட்டை நசுக்காமல் வெளியே போடவே கூடாது. மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும், கொழும்பில் டெங்குக்கு இன்னொரு வாசல் வேண்டாம். மண்ணில் நேரே உப்புத் தூவாதீர்கள், செடியும் சேர்ந்து கருகும். கடையில் விற்கும் நத்தை நஞ்சு நாய் பூனைக்கும் நஞ்சு; எங்கள் ஒழுங்கையில் நாய்கள் நிறைய, அதனால் நான் வாங்குவதில்லை.

மதிலுக்கு மேலால் எறியவும் வேண்டாம். இரண்டு வருடம் நான் அப்படித்தான் எறிந்தேன். ஒருநாள் இரவு மதிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று வந்து விழுந்தது. பக்கத்து வீட்டு அன்ரியும் அதையே செய்துகொண்டிருந்தார்! இப்போது இருவரும் ஒரே இரவில் இறங்குகிறோம்.

வெறுங்கையால் தொடாதீர்கள். எலியிலிருந்து நத்தைக்குத் தொற்றும் ஒரு புழு மனிதரின் மூளை உறையைத் தாக்கும். வல்லாரைச் சம்பல் பச்சையாக அரைப்பவர்கள் இலை இலையாக ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஊர்ந்த தடம் தெரிந்த பாத்தியில் பறித்தது என்றால் நான் சம்பல் போடுவதில்லை, அடுப்பில் வைத்துச் சுண்டிவிடுவேன்.

மழை ஓய்ந்த பெப்ரவரியில் இவை வாயை வெள்ளைத் தோல்போல மூடிக்கொண்டு மதில் மூலையில் உறங்கும். அப்போது பகலிலேயே, டோர்ச் இல்லாமல், தேங்காய் பொறுக்குவதுபோலப் பொறுக்கலாம். போன பெப்ரவரியில் எரிவாயு சிலிண்டருக்குப் பின்னால் மட்டும் பதினாலு.