பிரஷர் நோட்டில் நேரத்தையும் எழுதுங்கள்

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய 7 நாள், வீட்டுப் பெரியவர்களுக்குக் காலையும் மாலையும் தினமும் ஒரே நேரத்தில் பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் 5 நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காரட்டும். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மெஷினின் பட்டையைச் சட்டைத் துணிமேல் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்த்து, இரண்டையும் நேரத்தோடு எழுதுங்கள்.

பிரஷர் நாள் முழுக்க ஏறி இறங்கும். சிலருக்கு டாக்டரைக் கண்டாலே கூடிவிடும். அதனால் டாக்டரிடம் பார்க்கும் அந்த ஒரு அளவு மட்டும் போதாது. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள முதியவர்களிடம் ஞாபக மறதியும் மூளையின் நுண் ரத்தக்குழாய்ப் பாதிப்பும் கூடுதலாகக் காணப்படுகின்றன. அதனால் சராசரியோடு இந்த ஆட்டமும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். நோட்டைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

இதயத்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு வீட்டு மெஷின் தப்பாகக் காட்டலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்தால் தலைசுற்றுகிறது என்பவர்களுக்கு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, நின்ற பிறகும் ஒருமுறை பாருங்கள். திடீரென வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ மெஷினைத் தேடாதீர்கள், உடனே 108.